உளியும் எழுதுகோலும்

லண்டன், இங்கிலாந்து நாட்டின் தலைநகரம். நகரின் நடுவே தேம்ஸ் ஆறு ஓடுகிறது. 400 ஆண்டுகளுக்கு முன்பு அந்த நகரத்தில் ஆற்றைக் கடக்க ஒரே ஒரு பாலம்தான் இருந்தது. பாலத்துக்கு அருகில் ஈஸ்ட்சீப் என்ற கடைத்தெரு. அந்தப் பகுதியில் ஒரு கடைசல் பட்டறை இருந்தது. அதை நடத்தியவர் பெயர் நெகேமியா வாலிங்டன். அவர் 1598-ஆம் ஆண்டு பிறந்தார். அவருடைய தந்தையும் கடைசல் தொழிலாளிதான்.

வாலிங்டன் அரசர் அல்லர். படைத்தலைவர் அல்லர். கல்லூரிக்குப் போய்ப் படித்தவரும் அல்லர். மரம் கடைந்து பிழைத்தவர். ஆனாலும் அவர் எப்படி வாழ்ந்தார், எதற்கு அழுதார், எதற்குப் பயந்தார் என்பதெல்லாம் இன்றும் தெரிகிறது. ஏனென்றால் அவர் எழுதி வைத்தார்.

1. பட்டறை

மரக்கட்டையைச் சுழல விட்டு, அதன்மேல் உளியை வைத்துச் செதுக்குவது கடைசல் வேலை. அன்று மின்சாரம் இல்லை. பல பட்டறைகளில் மேலே வளையக்கூடிய ஒரு கழியைக் கட்டியிருப்பார்கள். கழியின் நுனியிலிருந்து ஒரு கயிறு இறங்கும். அது மரக்கட்டையைச் சுற்றிக்கொண்டு, கீழே உள்ள மிதிகட்டைக்குப் போகும். காலால் மிதித்தால் கட்டை சுழலும். காலைத் தூக்கினால் கழி நிமிரும். கட்டை எதிர்ப்பக்கமாகச் சுழலும். மிதிக்கும்போது மட்டும்தான் உளி வெட்டும். நாள் முழுதும் கால் ஓயாது.

கிண்ணம், தட்டு, நாற்காலிக் கால் போன்ற பொருள்களைக் கடைசல்காரர்கள் செய்து விற்றார்கள். தொழிலாளர்களுக்குச் சங்கம் இருந்தது. வாலிங்டன் 1620-இல் அந்தச் சங்கத்தில் உறுப்பினர் ஆனார். அடுத்த ஆண்டு கிரேஸ் என்ற பெண்ணை மணந்தார். தொழில் பழகும் பையன்களும் வேலையாட்களும் அவர்கள் வீட்டிலேயே தங்கிச் சாப்பிட்டார்கள்.

2. நம்பிக்கை

வாலிங்டன் கிறிஸ்தவர். கிறிஸ்தவர்களில் பியூரிட்டன் என்ற பிரிவைச் சேர்ந்தவர். கோயிலில் ஆடம்பரம் வேண்டாம், சடங்குகளைக் குறைக்க வேண்டும் என்று பியூரிட்டன்கள் சொன்னார்கள். ஆணோ பெண்ணோ, ஒவ்வொருவரும் பைபிளைத் தாமே படிக்க வேண்டும் என்றார்கள். உழைப்பு கடவுள் கொடுத்த கடமை என்று நம்பினார்கள். பூசாரி செய்யும் வேலை உயர்ந்தது, தச்சர் செய்யும் வேலை தாழ்ந்தது என்று அவர்கள் எண்ணவில்லை.

வாலிங்டன் விடியுமுன் எழுந்துவிடுவார். தனியே உட்கார்ந்து ஜெபம் செய்வார், எழுதுவார். பிறகு வீட்டார் எல்லாரையும் கூட்டி வைத்துப் பைபிள் படிப்பார். அதற்குப் பிறகுதான் பட்டறை. இரவிலும் குடும்ப ஜெபம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை வேலை கிடையாது. அன்று கோயிலுக்குப் போய்ப் பிரசங்கம் கேட்பார்.

3. தனக்குத் தானே அபராதம்

இளமையில் வாலிங்டன் மனம் மிகவும் கலங்கியிருந்தது. தான் பெரிய பாவி, கடவுள் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்று அஞ்சினார். உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றார். பிறகு மெல்ல மெல்லத் தேறினார். 1618-இல் தன் தவறுகளை ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 20.

தனக்கென்று சில விதிகளை எழுதினார். சோம்பல் கூடாது. கோபம் கூடாது. பொய் கூடாது. விதியை மீறினால் ஏழைகளுக்கான உண்டியலில் காசு போட வேண்டும். 1622-இல் வீட்டார் அனைவருக்கும் விதிகள் எழுதினார். அதில் வேலையாட்களும் கையெழுத்துப் போட்டார்கள். எசமானரான வாலிங்டனும் போட்டார். அந்த வீட்டில் எசமானருக்கும் விதி உண்டு.

விதிகள் எழுதியதால் அவர் குற்றமே செய்யாதவர் ஆகிவிடவில்லை. மீண்டும் தவறினார், மீண்டும் எழுதினார். புத்தகம் வாங்குவதில் அவருக்கு அடங்காத ஆசை. 1642-இல் இங்கிலாந்தில் அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் போர் மூண்டது. போர்ச் செய்திகளைச் சொல்லும் சிறு புத்தகங்களை வாங்கிக் குவித்தார். கையில் இருந்த பணம் கரைந்தது. அதையும் மறைக்காமல் எழுதினார்.

4. மகளின் மரணம்

1625-இல் லண்டனில் கொள்ளை நோய் பரவியது. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். வாலிங்டனின் சின்னஞ்சிறு மகள் எலிசபெத்தும் இறந்தாள். அவர் உடைந்து போனார். கடவுளின் விருப்பத்தை ஏற்க வேண்டும் என்று அவருடைய மதம் சொன்னது. தகப்பன் மனம் கேட்கவில்லை. கிரேஸ்தான் அவரைத் தேற்றினார். குழந்தை கடவுளிடம் போயிருக்கிறது, இப்படி அழக்கூடாது என்று எடுத்துச் சொன்னார். பெற்ற தாய்க்கும் அதே துயரம்தான். மனைவி சொன்னதை வாலிங்டன் நோட்டில் எழுதி வைத்தார்.

அவர்களுக்கு 5 குழந்தைகள் பிறந்தார்கள். 4 பேர் சிறு வயதிலேயே இறந்தார்கள். சாரா என்ற மகள் மட்டும் வளர்ந்து பெரியவள் ஆனாள்.

5. படித்ததற்கு விசாரணை

அரசரின் மதக் கொள்கையைக் கண்டித்துச் சிலர் புத்தகம் எழுதினார்கள். அரசு அவற்றைத் தடை செய்தது. வாலிங்டனிடம் அப்படிப்பட்ட புத்தகங்கள் இருந்ததாகப் புகார் எழுந்தது. 1630-களின் இறுதியில் ஸ்டார் சேம்பர் என்ற அரச நீதிமன்றம் அவரை அழைத்து விசாரித்தது. காது அறுப்பது போன்ற கொடிய தண்டனைகள் கொடுத்த நீதிமன்றம் அது. ஒரு கடைசல் தொழிலாளி என்ன படிக்கிறார் என்பதைப் பார்த்து அரசு கவலைப்பட்டது! அந்த நீதிமன்றத்தை 1641-இல் நாடாளுமன்றம் ஒழித்தது.

6. ஐம்பது நோட்டுகள்

1654-இல் வாலிங்டன் தன் நோட்டுகளை எண்ணிப் பார்த்தார். மொத்தம் 50 இருந்தன. 1658-இல் அவர் இறந்தார். இன்று 7 நோட்டுகள் மட்டும் மிஞ்சியுள்ளன. அவற்றை நூலகங்களில் பாதுகாத்து வருகிறார்கள். அறிஞர்கள் அவற்றைப் படித்துத்தான் அக்காலத் தொழிலாளர் வாழ்க்கையைத் தெரிந்துகொள்கிறார்கள்.

அவர் கடைந்த கிண்ணங்களை இன்று யாராலும் அடையாளம் காட்ட முடியாது. மகளுக்காக அவர் எழுதிய வரிகளை 400 ஆண்டுகள் கழித்தும் படிக்க முடிகிறது.

சொற்களும் பொருளும்

கடைசல் – மரத்தைச் சுழற்றிச் செதுக்கும் வேலை
பிரசங்கம் – மத போதனைப் பேச்சு
கொள்ளை நோய் – வேகமாகப் பரவிப் பலரைக் கொல்லும் நோய்

பதில் சொல்லுங்கள்

1. கடைசல் கட்டையை எப்படிச் சுழற்றினார்கள்?
2. வீட்டு விதிகளில் எசமானரும் ஏன் கையெழுத்துப் போட்டார்?
3. வாலிங்டனை நீதிமன்றம் ஏன் விசாரித்தது?

பேசிப் பாருங்கள்

துயரத்தில் இருப்பவரிடம் அழக்கூடாது என்று சொல்வது சரியா? குழுவில் பேசுங்கள்.

செய்து பாருங்கள்

ஒரு வாரம், தினமும் இரவில் மூன்று வரி எழுதுங்கள். இன்று என்ன வேலை செய்தீர்கள்? எது நன்றாக நடந்தது? எதை மாற்றிக்கொள்ள வேண்டும்? எழுத்துப் பிழை வந்தால் பரவாயில்லை. எழுதுவதை நிறுத்தாதீர்கள்.