வைக்கோல் தின்னும் செம்மறியும் ஒரு கைப்பிடி புண்ணாக்கும்



மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு ஆட்டுக்கொட்டகையில் என்ன வேலை என்று சிரிக்க வேண்டாம். எங்கள் வீட்டில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான்தான். என் பருவக் கட்டணம் குட்டி விற்ற பணத்தில்தான் வருகிறது. நம்மில் பல பேர் வீட்டுக் கதையும் இதுதானே?

தென்காசிக்குப் பக்கத்தில் குத்துக்கல்வலசை எங்கள் ஊர். வயலில் நெல் நிற்கும்போது ஆட்டை உள்ளே விட முடியாது. சித்திரை, வைகாசியில் தரிசிலும் புல் இருக்காது. அப்போது வைக்கப்படப்புதான் கதி. ஆடு வயிறு முட்டத் தின்னும். ஆனால் உடம்பு தேறாது. சந்தையில் வியாபாரி குட்டியின் முதுகெலும்பைத் தடவிப் பார்த்துத்தான் விலை சொல்வார். எலும்பு கையில் தட்டினால் விலை இறங்கிவிடும். அதனால் கோடைக்கு முன்பே வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறோம்.

வயிறு நிறைந்தும் ஏன் வளரவில்லை?

மேல்நாட்டுப் புத்தகங்களில் வரும் உலர்புல் வேறு, நம் வைக்கோல் வேறு. புல்லைப் பச்சையாக அறுத்துக் காய வைப்பது உலர்புல். கதிர் முற்றி, சத்தெல்லாம் நெல்லுக்குப் போனபின் மிஞ்சுவது வைக்கோல். அதில் புரதம் சுமார் 4 சதவீதம்தான்.

ஆட்டின் பெருவயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. நாரைச் செரிப்பவை அவைதான். அவை பெருகுவதற்கு நைட்ரஜன் வேண்டும்; அது தீவனப் புரதத்திலிருந்து கிடைக்கிறது. தீவனத்தில் புரதம் சுமார் 7 சதவீதத்துக்குக் கீழே போனால் நுண்ணுயிர்களின் வேலை மந்தமாகிவிடும். வைக்கோல் செரிக்காமல் வயிற்றிலேயே கிடக்கும். ஆடும் குறைவாகத் தின்னும். பாய்லரில் விறகை அடுக்கிவிட்டுக் காற்றை அடைத்த மாதிரிதான்! விறகு இருக்கிறது, எரியவில்லை.

ஆகவே, புண்ணாக்கு என்பது வைக்கோலுக்குப் பதில் அல்ல. வைக்கோலையே எரிய வைக்கும் காற்று. நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான்.

நம் ஊரில் என்ன கிடைக்கும்?

கடலைக்கொடியில் புரதம் சுமார் 10 சதவீதம், அரிசித் தவிட்டில் 12, தேங்காய்ப் புண்ணாக்கில் 20, கடலைப் புண்ணாக்கில் 40. உளுந்தங்கொடியும் உளுத்தம்பொட்டும்கூட நல்லவைதான். எல்லாமே வயலிலும் ஆலையிலும் செக்கிலும் மிஞ்சுகிறவை.

இனி நம் பாடக் கணக்கு. 20 கிலோ குட்டி, உடல் எடையில் 3 சதவீதம், அதாவது நாளைக்கு 600 கிராம் உலர்தீவனம் தின்னும் என்று வைத்துக்கொள்வோம்.

வெறும் வைக்கோல் 600 கிராம்: புரதம் 24 கிராம்.

கலப்பு: வைக்கோல் 300 கிராம் (12), கடலைக்கொடி 150 (15), தவிடு 75 (9), கடலைப் புண்ணாக்கு 75 (30). மொத்தப் புரதம் 66 கிராம், அதாவது 11 சதவீதம்!

கவனிக்க வேண்டியவை

1. திடீரென்று கொடுக்கக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, 10 முதல் 15 நாளில் முழு அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.

2. அதற்கு முன்பே குடற்புழு நீக்கமும் துள்ளுமாரி தடுப்பூசியும் அவசியம். சத்தான தீவனத்துக்குத் திடீரென மாறினால் துள்ளுமாரி தாக்கும். கொழுத்த குட்டிதான் முதலில் சாகும்.

3. சாரல் காலத்தில் புண்ணாக்கில் பூஞ்சை பிடிக்கும். அதில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு ஈரலைக் கெடுக்கும். பூத்த புண்ணாக்கைத் தூர எறியுங்கள்.

4. தவிடு அதிகமானால் கிடாக்குட்டிக்கு மூத்திரப் பாதையில் கல் அடைக்கும். தாது உப்புக் கலவையும் தாராளமாகத் தண்ணீரும் வேண்டும்.

5. மிஞ்சிய சோறு, அரிசியை அள்ளிக் கொட்டாதீர்கள். வயிற்றில் அமிலம் கூடி ஆடு செத்துப்போகும்.

கட்டுப்படியாகுமா?

"ஏலே, கழுத புண்ணாக்கு விக்கிற விலைக்கு ஆட்டுக்கா போடச் சொல்லுத?" என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. 90 நாளைக்கு ஒரு குட்டிக்குப் புண்ணாக்கு 6¾ கிலோ, தவிடு 6¾ கிலோ, கடலைக்கொடி 13½ கிலோ ஆகும். இவற்றின் விலையைக் கூட்டி, ஒரு கிலோ உயிரெடை விலையால் வகுங்கள். வரும் விடைதான் முதல் திரும்பக் கூட வேண்டிய எடை. அதற்குமேல் கூடுவது லாபம். கொடி சொந்த வயலில் கிடைத்தால் செலவு இன்னும் குறையும்.

இந்தக் கணக்கைப் பார்த்தபின், வரும் கோடைக்கு மூன்று குட்டிகளை விற்காமல் நிறுத்த அப்பா சம்மதித்திருக்கிறார். வாரம் ஒருமுறை தொங்கு தராசில் எடை போட்டு நோட்டில் எழுதப் போகிறேன்.

2019 கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சுமார் 45 லட்சம் செம்மறிகள் இருந்தன. நம் பக்கத்துக் கீழக்கரிசலும் வேம்பூர் ஆடும் அவற்றில் அடக்கம். அவற்றை மேய்க்கிறவர்கள் பலர் எழுத்துக்கூட்டிப் படிக்காதவர்கள். நண்பர்களே, லேபில் நாம் கற்ற அளவையும் வகுத்தலையும் விடுமுறைக்குப் போகும்போது கொட்டகைக்கும் எடுத்துச் செல்வோம். நம்மைப் படிக்க அனுப்பியவர்களுக்கு நாம் திருப்பித் தரும் முதல் தவணை அது.