எஞ்சின் ஆயில்: எந்த கிரேடு, எத்தனை கிலோமீட்டர்? பைசா கணக்கோடு பார்க்கலாம்



மாசம் பெட்ரோலுக்கு எவ்வளவு போகுதுன்னு கேட்டா எல்லாரும் டக்குனு சொல்லிடுவோம். வருஷத்துக்கு எஞ்சின் ஆயிலுக்கு எவ்வளவு போகுதுன்னு கேட்டா பதில் வராது. மெக்கானிக் ஊத்துறதுதான் ஆயில், அவர் சொல்ற நாள்தான் சர்வீஸ் நாள். ஆனா வண்டிக்கு நாம செய்யுற செலவுகளிலேயே, சின்னத் தொகைக்குப் பெரிய பாதுகாப்பு தருவது இதுதான். அதனால ஆயில் டப்பாவில் எழுதியிருப்பதைப் படிக்கக் கத்துக்கிட்டு, அப்புறம் கணக்குக்குப் போகலாம்.

1. டப்பாவில் உள்ள எண்கள்

10டபிள்யூ-30, 20டபிள்யூ-50 என்று எழுதியிருக்கும். 'டபிள்யூ' என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்து. அதற்கு முன்னால் உள்ள எண், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஆயில் எவ்வளவு சுலபமா ஓடும் என்பதைச் சொல்கிறது. எண் குறைய குறைய, ஸ்டார்ட் பண்ணினதும் ஆயில் சீக்கிரமா மேலே போய்ச் சேரும். பின்னால் உள்ள எண், எஞ்சின் சூடான பிறகு (100 டிகிரி செல்சியஸில்) ஆயில் எவ்வளவு கெட்டியா இருக்கும் என்பதற்கானது. 30-ஐ விட 50 கெட்டி.

"நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் சார் நல்லது"ன்னு நிறைய இடத்தில் சொல்வாங்க. இந்தியாவில் விற்கும் வண்டியின் மேனுவல், இந்த வெயிலையும் சேர்த்துத்தான் எழுதப்பட்டிருக்கு. 0டபிள்யூ-20 கேட்கும் புது பெட்ரோல் காரில் 20டபிள்யூ-50 ஊத்தினா, மெல்லிய ஆயிலுக்காகச் செய்த இடைவெளிகளில் அது வேகமா போய்ச் சேராது, மைலேஜும் குறையும். அதே மாதிரி, கெட்டி ஆயில் கேட்கும் எஞ்சினில் மெல்லிய ஆயில் ஊத்தினா தேய்மானம் கூடும்.

2. எண்ணை விட முக்கியமான எழுத்துகள்

கிரேடு சரியா இருந்தா போதும்னு நினைச்சு பலர் இந்த வரியைப் படிக்கிறதே இல்லை.

- ஏபிஐ தரம்: 'எஸ்' என்று தொடங்கினா பெட்ரோல் எஞ்சினுக்கு (எஸ்எல், எஸ்என், எஸ்பி). 'சி' என்று தொடங்கினா டீசலுக்கு. பெட்ரோலில் இரண்டாவது எழுத்து அகர வரிசையில் தள்ளிப் போகப் போக, தரம் புதியது. எஸ்பி வந்தது 2020-ல்.
- ஜாஸோ தரம்: இது டூவீலருக்கு. கியர் பைக் பெரும்பாலானவற்றில் கிளட்ச், எஞ்சின் ஆயிலிலேயே மூழ்கி இருக்கும். அதுக்கு எம்ஏ அல்லது எம்ஏ2. கியர் இல்லாத ஸ்கூட்டரின் கிளட்ச் ஆயிலில் இருக்காது, அதனால் அதுக்குப் பெரும்பாலும் எம்பி.
- டீசல் கார்: 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்6 விதிக்குப் பிறகு, டீசல் கார்களின் புகைக்குழாயில் கரித்துகள் வடிகட்டி இருக்கும். அதுக்குச் சாம்பல் குறைவா விடும் ஆயில் வேணும் (ஏசிஇஏ சி2, சி3 மாதிரி). தப்பான ஆயில் ஊத்தினா அந்த வடிகட்டி சீக்கிரம் அடைக்கும். அதை மாத்துற செலவு, பல வருஷ ஆயில் செலவை விட அதிகம்.

கார் ஆயில் ஆஃபர்ல கிடைச்சுதுன்னு பைக்குல ஊத்தாதீங்க. கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் பொருட்கள் சேர்த்திருக்கலாம். அது பைக் கிளட்சை வழுக்க வைக்கும். ஆக்ஸிலேட்டர் முறுக்குவீங்க, சத்தம் ஏறும், வேகம் ஏறாது.

3. மினரலா, சிந்தெடிக்கா?

மேனுவல் மினரல் ஆயிலே போதும்னு சொன்னா, ஃபுல்லி சிந்தெடிக் ஊத்துறது தப்பில்லை. கிரேடும் ஜாஸோ தரமும் ஒத்துப்போகணும், அவ்வளவுதான். சிந்தெடிக் ஆயில் சூட்டைக் கூடுதலா தாங்கும், சீக்கிரம் கெட்டுப்போகாது. ஆனா விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. மேனுவலே சிந்தெடிக் கேட்டிருந்தா, அங்கே மிச்சம் பிடிக்கப் பார்க்காதீங்க.

4. எத்தனை கி.மீ. — கணக்கு

ஒரு உதாரணம். ஆபீஸ் போய்வர தினம் 30 கி.மீ., மாசம் 25 நாள். வருஷத்துக்கு 9,000 கி.மீ. மேனுவல் சொல்வது 6,000 கி.மீ.க்கு ஒரு முறை. மினரல் ஆயில் ரூ.450, கூலி ரூ.100, மொத்தம் ரூ.550 என்று வெச்சுக்கலாம். சிந்தெடிக் என்றால் ரூ.900 + ரூ.100 = ரூ.1,000. (உங்க ஊர் விலையைப் போட்டு நீங்களே மாத்திப் பாருங்க.)

- மினரல், 3,000 கி.மீ.க்கு ஒரு முறை: கி.மீ.க்கு 18 பைசா, வருஷம் ரூ.1,650
- மினரல், 6,000 கி.மீ.க்கு ஒரு முறை: கி.மீ.க்கு 9 பைசா, வருஷம் ரூ.825
- மினரல், 9,000 கி.மீ.க்கு ஒரு முறை: கி.மீ.க்கு 6 பைசா, வருஷம் ரூ.550
- சிந்தெடிக், 3,000 கி.மீ.க்கு ஒரு முறை: கி.மீ.க்கு 33 பைசா, வருஷம் ரூ.3,000

ஒப்பிட்டுப் பார்க்க: லிட்டர் ரூ.100, மைலேஜ் 50 என்று வைத்தால், பெட்ரோல் மட்டும் கி.மீ.க்கு 200 பைசா.

இதில் இரண்டு பக்கமும் பாடம் இருக்கு. மேனுவல் 6,000 சொல்லும்போது, "3,000-லேயே சிந்தெடிக் மாத்துங்க"ன்னு சொல்றதைக் கேட்டா, வருஷம் ரூ.825-க்கு பதிலா ரூ.3,000 போகுது. மறுபக்கம், "இன்னும் கொஞ்சம் ஓடட்டும்"னு 9,000 வரை இழுத்தா மிச்சம் ஆகுறது வருஷத்துக்கு வெறும் ரூ.275. எஞ்சினை இறக்கி வேலை பார்க்க ரூ.12,000 ஆகுதுன்னு வெச்சா, அந்தத் தொகையை இப்படி மிச்சம் பிடிக்க 43 வருஷத்துக்கு மேல ஆகும். லாபம் சில்லறை, நஷ்டம் கட்டு நோட்டு. முதலீட்டுல இப்படி ஒரு ஆஃபர் வந்தா ஏத்துக்குவீங்களா?

இன்ஷூரன்ஸ் இருக்கேன்னு நினைக்கலாம். வண்டி இன்ஷூரன்ஸில் தேய்மானமும், மெக்கானிக்கல் பிரேக்டவுனும் கவர் ஆகாது. ஆயில் கவனிக்காம எஞ்சின் ஜாம் ஆனா, மொத்தமும் உங்க பாக்கெட்டில் இருந்துதான்.

5. கி.மீ. மட்டும் பார்த்தா போதாது

மேனுவலில் "இத்தனை கி.மீ. அல்லது இத்தனை மாதம், எது முதலில் வருகிறதோ" என்று இருக்கும். அந்த 'மாதம்' பகுதிதான் ஒர்க் ஃப்ரம் ஹோம் ஆட்களுக்கு. "வருஷத்துல 2,000 கி.மீ.தானே ஓடியிருக்கு"ன்னு விடாதீங்க. தினம் கடைக்கு 2 கி.மீ. மட்டும் போகும் வண்டியில், ஆயில் முழுசா சூடேறாது. எரியும்போது உண்டாகும் ஈரமும், கொஞ்சம் பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கிடும். டிராஃபிக்கில் நின்னு நின்னு போவது, புழுதி ரோடு, அதிக பாரம் இவையும் கடின உபயோகம்தான். இதுக்கு மேனுவலில் தனியா ஒரு குறைந்த இடைவெளி கொடுத்திருந்தா, அதைப் பின்பற்றுங்க.

புது வண்டியின் முதல் சர்வீஸைத் தள்ளிப் போடவே கூடாது. புது எஞ்சினின் பாகங்கள் ஒன்றோடொன்று உரசிப் பொருந்தும்போது வரும் நுண்ணிய உலோகத் துகள்கள், அந்த முதல் ஆயிலோடதான் வெளியேறும்.

ஆயில் கறுத்துப்போச்சுன்னா உடனே மாத்தணுமா? அவசியமில்லை. அழுக்கைத் தன்னிடம் இழுத்து வைத்துக்கொள்வதும் ஆயிலின் வேலைதான். நிறத்தை விட அளவு முக்கியம். மாசம் ஒரு தடவை, சமதளத்தில் வண்டியை நேரா நிறுத்தி, டிப்ஸ்டிக்கில் இரண்டு கோட்டுக்கு நடுவில் இருக்கான்னு பாருங்க. மேல் கோட்டைத் தாண்டுவதும் கெடுதல்தான்.

6. பில்லில் பார்க்க வேண்டியவை

- எம்ஆர்பி-யில் எல்லா வரியும் அடக்கம். எஞ்சின் ஆயிலுக்கு ஜிஎஸ்டி 18%. ரூ.450 எம்ஆர்பி டப்பா என்றால், பில்லில் ரூ.381.36 + வரி ரூ.68.64 = ரூ.450 என்றுதான் வரணும். ரூ.450 மேல 18% போட்டு ரூ.531 வாங்கினா, அங்கேயே கேளுங்க.
- 'ஃப்ரீ சர்வீஸ்' என்றால் கூலி மட்டும்தான் ஃப்ரீ. ஆயில், ஃபில்டர் காசு உங்களது.
- எஞ்சினுக்கு எத்தனை லிட்டர் பிடிக்கும் என்பது மேனுவலில் இருக்கும். 3.2 லிட்டர் பிடிக்கும் காருக்கு 4 லிட்டர் பில் போட்டா, மீதி எங்கேன்னு கேளுங்க.
- 'எஞ்சின் ஃப்ளஷ்', 'அடிட்டிவ்' மேனுவலில் இல்லைன்னா, தைரியமா வேண்டாம்னு சொல்லலாம்.
- வெளி மெக்கானிக்கிடம் போனா, சீல் உடைக்காத டப்பாவை நீங்களே வாங்கிட்டுப் போங்க. ஊத்தினதும் காலி டப்பாவை ஓட்டை போட்டுடுங்க. இல்லைன்னா அது போலி ஆயிலோடு திரும்பக் கடைக்கு வரலாம்.
- தேதி, கி.மீ., கிரேடு மூணும் பில்லில் இருக்கட்டும். வாரண்டி கேட்கும்போதும், வண்டியை விற்கும்போதும் அதுதான் உங்க ஆதாரம். கம்பெனியில் வண்டிப் பராமரிப்பு ரீஇம்பர்ஸ்மென்ட் இருந்தா, அதுக்கும் இந்த பில்தான்.

இன்னைக்கே செய்ய வேண்டியது

மேனுவலை எடுத்து நாலே விஷயம் பாருங்க: கிரேடு, ஏபிஐ மற்றும் ஜாஸோ தரம், எத்தனை லிட்டர், எத்தனை கி.மீ. அல்லது மாதம். போட்டோ எடுத்து போனில் வெச்சுக்கோங்க. அடுத்த சர்வீஸ் தேதிக்கு காலண்டரில் ஒரு ரிமைண்டர். அஞ்சு நிமிஷ வேலை.

உங்க மேனுவல்ல என்ன கிரேடு இருக்கு, கடைசி பில்லில் என்ன கிரேடு இருக்கு? ரெண்டும் ஒண்ணுதானான்னு பார்த்து கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த பதிவில் சந்திக்கலாம்!