செல்லின் பூர்வீகம் சொல்லும் சிடி எண்கள்

கேள்வி: ரத்தப் புற்றுநோய்ப் பரிசோதனை அறிக்கையில் 'சிடி19, சிடி34 பாசிட்டிவ், சிடி3 நெகட்டிவ்' என்றிருக்கிறது. இவை எதைக் குறிக்கின்றன?

பதில்: வெள்ளணுக்களின் மேற்பரப்பில் உள்ள புரதங்களின் எண்கள் இவை. வெள்ளணு வகைகளான பி செல்லும் டி செல்லும் மைக்ராஸ்கோப்பில் ஒன்றுபோலவே தெரியும். பிரித்துச் சொல்வது இந்தப் புரதங்கள்தான். சிடி19 பி செல் வம்சத்துக்கு உரியது, சிடி3 டி செல்லுக்கு. எலும்பு மஜ்ஜையின் மூல செல்களில் இருக்கும் சிடி34, செல் முதிர முதிர மறைந்துவிடும். ஆக, இந்த அறிக்கை முதிராத பி வகைச் செல்களைக் காட்டுகிறது. முடிவான நோய்ப்பெயரை மற்றப் பரிசோதனைகளோடு சேர்த்து மருத்துவரே சொல்ல வேண்டும்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? ஒவ்வொரு புரதத்திலும் ஒட்டும் தனித்தனி ஆன்டிபாடியில் ஒளிரும் சாயம் ஏற்றி ரத்தத்தில் கலக்கிறார்கள். ஃப்ளோ சைட்டோமீட்டரில் செல்கள் ஒவ்வொன்றாக லேசர் ஒளியைக் கடக்கும்போது, எது எந்த நிறத்தில் மின்னுகிறது என்பது பதிவாகிறது. 1975-இல் விஞ்ஞானிகள் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே வகை ஆன்டிபாடியை வேண்டிய அளவு தயாரிக்க வழி கண்டதால்தான் இது கைகூடியது. பிறகு ஆய்வாளர்கள் ஒரே புரதத்துக்கு ஆளுக்கொரு பெயர் வைத்துக் குழம்பியதால், 1982-இல் பாரிஸில் கூடி, பொதுவான இந்தச் சிடி எண்முறையை வகுத்தார்கள்.

ஒரு எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள். எச்ஐவி சிகிச்சையில் எண்ணப்படும் சிடி4கூட டி செல்லில் மட்டுமல்ல, மோனோசைட் என்னும் வெள்ளணுவிலும் உண்டு.