ஷெல் வேரியபிளில் ஜேசன்: வார்டு பட்டியலோடு சில குறிப்புகள்

பெங்களூரு பிபிஎம்பியின் பழைய 198 வார்டுகளின் எல்லைகளை டேட்டாமீட் குழுவினர் ஜியோஜேசன் கோப்பாக எல்லோருக்கும் பொதுவில் வைத்திருக்கிறார்கள். 2025 செப்டம்பரில் மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்துவிட்டது. இருந்தாலும் கைப்பழக்கத்துக்கு இந்தக் கோப்பு அருமையானது.

1. கிரெப், செட் கொண்டு ஜேசனைப் பிய்க்காதீர்கள். இன்று ஒரே வரியில் வரும் தரவு நாளை பத்து வரியாக வரலாம். இரண்டுமே சரியான ஜேசன்தான். ஸ்டீஃபன் டோலன் எழுதி 2012-இல் வெளியிட்ட ஜேக்யூ இதற்கென்றே இருக்கிறது.

2. நான்காம் வார்டின் பெயர் எலஹங்கா சாட்டிலைட் டவுன். பெயர்ப் பட்டியலை மேற்கோள் இல்லாமல் ஃபார் லூப்பில் விட்டால் ஷெல் இதை மூன்று வார்டாக்கிவிடும். மேற்கோள் போட்டாலோ 198-ம் சேர்ந்து ஒரே வார்டு! ஒயில் ரீட் போட்டு வரி வரியாக வாங்குங்கள்.

3. வேரியபிளை ஜேக்யூவுக்கு அனுப்ப எக்கோ வேண்டாம், பிரிண்ட்எஃப் போதும். உபுண்டுவில் எஸ்ஹெச் என்றால் டேஷ். அதன் எக்கோ, ஜேசனுக்குள் இருக்கும் ‘பேக்ஸ்லாஷ் என்’னை நிஜ வரிமுறிவாக மாற்றிவிடும், ஜேக்யூ ‘பார்ஸ் எரர்’ என்று கத்தும். பாஷில் ஒழுங்காக ஓடிய ஸ்கிரிப்ட் கிரானில் சொதப்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

4. ஜேக்யூவுக்கு மைனஸ் ஆர் போட்டால் மதிப்பைச் சுற்றிய மேற்கோள் போய்விடும். ஆனால் கேட்ட புலம் தரவில் இல்லையென்றால் ‘நல்’ என்ற நாலெழுத்து ஆங்கிலச் சொல் வேரியபிளில் வந்து உட்காரும். காலியா என்று சோதிக்கும் இஃப் அதைக் கண்டுகொள்ளாது. மைனஸ் ஈ-யும் சேருங்கள். அப்போது ஜேக்யூ தோல்விக் குறியோடு வெளியேறும். ஃபங்ஷனுக்குள் கவனம்: ‘லோக்கல்’ என்று அறிவிக்கிற அதே வரியில் மதிப்பையும் வாங்கினால் அந்தத் தோல்வி மறைந்துபோகும். அறிவிப்பு ஒரு வரி, வாங்குவது அடுத்த வரி.

5. ஜேக்யூ ஃபில்டர் எப்போதும் ஒற்றை மேற்கோளுக்குள். ஷெல் வேரியபிளை அதற்குள் ஒட்ட வேண்டாம். மைனஸ் மைனஸ் ஆர்க் வழியாகக் கொடுங்கள். அது எதையும் எழுத்தாகவே கொண்டுபோகும். தரவில் வார்டு எண் 63 எண்ணாக இருந்து, நீங்கள் ஆர்க்கில் 63 கொடுத்தால் பொருந்தாது, பிழையும் வராது, பதில் மட்டும் காலி. எண்ணுக்கு ஆர்க்ஜேசன்.

6. முழுக் கோப்பையும் வேரியபிளில் ஏற்றி ஆர்க்ஜேசனில் தள்ளாதீர்கள். லினக்ஸில் ஒரு ஆர்குமென்ட்டுக்கு 128 கேபிதான் வரம்பு. எல்லைக் கோடுகள் அதைச் சுலபமாகத் தாண்டும். கோப்பை ஜேக்யூவே நேராகப் படிக்கட்டும்.

7. பதினாறு இலக்கத்தைத் தாண்டும் அடையாள எண்களை 1.7-க்கு முந்தைய ஜேக்யூ கடைசி இலக்கத்தில் மாற்றிவிடும். பதிப்பைப் பாருங்கள்.

8. ஜியோஜேசனில் தீர்க்கரேகை முதலில், அட்சரேகை பிறகு: 77.59, 12.97. மாற்றி எடுத்தால் பெங்களூரு வட துருவப் பக்கம் ஸ்வால்பார்ட் தீவருகே போய்விடும்.