மலைக்காற்று மட்டும் போதாது: இளம் ஊழியர்களின் கல்லீரலைக் காக்கும் வழிகள்

குன்னூர் தேயிலைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர், ஊட்டி ஓட்டலில் ரிசப்ஷனிஸ்ட், கோத்தகிரியில் வீட்டிலிருந்தபடியே பெங்களூரு கம்பெனிக்கு வேலை பார்ப்பவர். நீங்கள் இவர்களில் யாராக இருந்தாலும், வயது முப்பதைத் தொடாவிட்டாலும், ‘ஃபேட்டி லிவர்’ எனும் கொழுப்பேறிய கல்லீரல் உங்களுக்கும் வரலாம். குடிப்பழக்கமே இல்லாதவர்களுக்கும் வருகிறது.

ஹைதராபாத் ஐ.டி. ஊழியர்கள் 345 பேரைப் பரிசோதித்த ஆய்வு ஒன்று 2025இல் வெளியானது. அவர்களில் 84 சதவீதம் பேருக்குக் கல்லீரலில் கொழுப்பு கூடியிருந்தது. உட்கார்ந்தே பார்க்கும் வேலை, தூக்கம் கெடும் ஷிப்ட், நேரம் தவறிய சாப்பாடு ஆகியவை மலையிலும் இருக்கின்றன. கொழுந்து பறித்துச் சரிவுகளில் ஏறி இறங்கிய தலைமுறை ராகியும் சாமையும் தின்றது. அவர்களின் பேரப்பிள்ளைகள் கம்ப்யூட்டர் முன்னால் அமர்ந்து பரோட்டா தின்கிறார்கள். செலவாகாத சர்க்கரையையும் மாவையும் கல்லீரல் கொழுப்பாக மாற்றிச் சேமிக்கிறது. வலியோ மஞ்சள் காமாலையோ இல்லாமல் இது பல ஆண்டுகள் வளரும். சர்க்கரை நோயும் இதய நோயும் பெரும்பாலும் இதன் கூடவே வருகின்றன.

முதலில் அளந்து பாருங்கள்

தையல் டேப் ஒன்று போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் சுற்றளவை எடுங்கள். இந்தியர்களுக்கான வரம்பு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. அதைத் தாண்டியிருந்தால் வெறும் வயிற்றில் சர்க்கரை, ரத்தக் கொழுப்பு அளவு, கல்லீரல் நொதிகளான எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., பிளேட்லெட் ஆகியவற்றைப் பரிசோதியுங்கள். எஸ்.ஜி.பி.டி. சரியாக இருந்தாலும் கல்லீரலில் கொழுப்பு இருக்கலாம்; ஸ்கேன் தேவையா என்பதை மருத்துவர் சொல்லட்டும். வயதையும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., பிளேட்லெட் அளவுகளையும் வைத்துக் கல்லீரல் தழும்பின் அபாயத்தைக் கணிக்கும் ‘ஃபிப்-4’ என்ற கணக்கு உண்டு. 35 வயதுக்குக் கீழே அது அவ்வளவு துல்லியமாக இருக்காது என்பதால், இணையத்தில் நீங்களே கணக்குப் போட்டு முடிவுக்கு வராதீர்கள். ஊட்டியில் 700 படுக்கைகளுடன் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. மேல் சிகிச்சைக்குக் கோவைக்கு இறங்க வேண்டுமே என்று இனித் தள்ளிப்போட வேண்டாம்.

டீ பிரேக்கில் தொடங்குங்கள்

ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் சுமார் 8 கிராம். குளிருக்கு இதமாக ஐந்து டீ குடித்தால் 40 கிராம். ஒரு நாளைக்குச் சர்க்கரை 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். டீயுடன் சேரும் வர்க்கி மைதா, சர்க்கரை, வனஸ்பதி மூன்றும் சேர்ந்த பண்டம். முதல் வாரம் டீக்கு ஒரு ஸ்பூனாகக் குறையுங்கள். அடுத்த வாரம் அரை ஸ்பூன். வர்க்கியை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கிவிட்டு மற்ற நாட்களில் சுண்டல், வேர்க்கடலை, அவித்த முட்டை என்று மாற்றுங்கள். குளிரைச் சாக்கிட்டு ஏற்றும் ‘கட்டிங்’ மது கொழுப்பேறிய கல்லீரலுக்கு இரட்டைச் சுமை. அதை அறவே விடுங்கள்.

வேலைக்கேற்ற வழி

தொழிற்சாலையில்: பச்சை இலை வரத்து கூடும் மாதங்களில் இரவெல்லாம் எந்திரம் ஓடும். ஷிப்டுக்குக் கிளம்பும் முன்பே முழுச் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். நள்ளிரவில் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். காலையில் வீடு திரும்பியதும் வயிறு முட்டத் தின்று படுக்காதீர்கள்.

கம்ப்யூட்டர் முன்: போன் பேசும்போதெல்லாம் எழுந்து நடங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் வீட்டை ஒட்டிய ஏற்றத்தில் ஏறி இறங்குங்கள்.

டாக்சி ஓட்டுபவர்கள்: பயணிகள் தொட்டபெட்டா சிகரத்தைச் சுற்றிப் பார்க்கும் நேரத்தில் சீட்டைச் சாய்த்துப் படுக்காமல் நீங்களும் நடந்துவிட்டு வாருங்கள்.

வாரத்துக்கு 150 நிமிட வேக நடை இலக்கு. எடை கூடியவர்கள் 70 கிலோ இருந்தால், 3.5 கிலோ குறைத்தாலே கல்லீரல் கொழுப்பு இறங்கும். 7 கிலோ குறைத்தால் அழற்சியும், பலருக்குத் தழும்பும் குறையும். பட்டினி கிடந்து ஒரே மாதத்தில் எடையைக் குறைக்காதீர்கள். ‘லிவர் டானிக்’, மூலிகைப் பொடி ஆகியவற்றை நம்பி இறங்கவும் வேண்டாம். சீந்தில் சாப்பிட்டதால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்திருக்கிறார்கள்.

நிர்வாகத்திடம் கேளுங்கள்

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே மருத்துவ வசதியை எஸ்டேட் நிர்வாகத்தின் கடமையாக்கியது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, 40 வயதைக் கடந்த தொழிலாளர்களுக்கு இலவச ஆண்டுப் பரிசோதனையை அறிவித்திருக்கிறது. இந்த நோயோ இருபதுகளிலேயே தொடங்கிவிடுகிறது. ஆகவே, 25 வயதிலிருந்தே இடுப்பளவு, சர்க்கரை, கல்லீரல் பரிசோதனை வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். கேன்டீனில் சர்க்கரை போடாத டீயும் சுண்டலும் கிடைக்கச் சொல்லுங்கள். தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் நாலு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

தொடக்க நிலையில் பிடித்தால் இந்த நோயைப் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திருப்பிவிட முடியும். கல்லீரல் சுருங்கிய பிறகு அது மிகக் கடினம். இந்த வாரமே அளவெடுங்கள்.