பூஞ்சை என்று எழுதிய சீட்டு

லேக் கார்டன்ஸ்,
கொல்கத்தா.

அன்புள்ள பேத்திக்கு,

"நோயாளியின் கருவிழிப் புண்ணுக்கு நாட்டமைசின் போட்டும் கேட்கவில்லை தாத்தா, பூஞ்சை மருந்துக்குப் பழகிவிட்டது போல. வோரிகோனசோலுக்கு மாற்றியிருக்கிறார்கள்" என்று எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. புண் ஆறாவிட்டால் மருந்தின் மேல் சந்தேகப்படுகிறார்களே தவிர, நோயின் பெயரைச் சந்தேகப்படுபவரைக் காணோம்.

விலை கூடிய புது மருந்து என்பதால் வோரிகோனசோல் வலிமையானது என்று நினைத்துக்கொள்ளாதே. அரவிந்த் கண் மருத்துவமனையும் சான் பிரான்சிஸ்கோவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் நடத்திய ஆய்வின் முடிவு 2013இல் வெளிவந்தது. சொட்டு மருந்தாகப் போடும்போது நாட்டமைசினே மேல். ஃபுசேரியம் பூஞ்சையில் அது பளிச்சென்று தெரிந்தது. போகட்டும். பூஞ்சையின் சவ்விலுள்ள எர்கோஸ்டிராலைப் பற்றிக்கொள்வது நாட்டமைசின். அந்த எர்கோஸ்டிரால் உருவாகாமல் தடுப்பது வோரிகோனசோல். எர்கோஸ்டிராலே இல்லாத ஒன்று கண்ணில் இருந்தால்? பூட்டே இல்லாத கதவுக்குச் சாவி மாற்றி மாற்றிப் பார்த்த கதைதான்.

அப்படி ஒன்று இருக்கிறது: பித்தியம் இன்சிடியோசம். நுண்ணோக்கியில் பூஞ்சை மாதிரியே நூல் நூலாகத் தெரியும், ஆனால் பூஞ்சை அல்ல. பாசிகளுக்குத்தான் நெருங்கிய சொந்தம். தேங்கிய நீரிலும் வயல் சேற்றிலும் வாழ்வது. 1840களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்கை அழுகவைத்து லட்சக்கணக்கானோரைப் பட்டினியில் சாகடித்த ஃபைட்டோஃப்தோராவும் இதே கூட்டம். இங்கே ஹூக்ளி மாவட்டத்தில் மூடுபனிக் காலத்தில் உழவர்கள் இன்றும் அஞ்சுவது அந்த அழுகலுக்குத்தான். பயிர் நோய் படித்தவருக்கு இந்தக் குடும்பம் அத்துப்படி. கண் வைத்தியம் படிக்கிறவர்கள் ஒரு பக்கமாவது அதைப் படிக்கக் கூடாதா?

ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் நிறுவனத்தில், இனம் தெரியாத பூஞ்சைகள் என்று எடுத்து வைத்திருந்தவற்றை மரபணு வழியாக மறுபடி சோதித்தார்கள். சில பித்தியமாக இருந்தன. 2015இல் அதை வெளியிட்டார்கள். நம் மருத்துவமனைகளுக்கு வந்த எத்தனை கண்கள் இந்தப் பெயர்க் குழப்பத்தால் போயிருக்குமோ என்று அன்றிலிருந்து நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

கண்டுபிடிப்பது அப்படியொன்றும் எட்டாத வித்தை இல்லை. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு (கே.ஓ.எச்.) இட்ட கண்ணாடித் தகட்டில் இழைகள் அகலமாக, நாடா போல, குறுக்குச் சுவர் அரிதாகத் தெரிந்தால் உஷாராகிவிடு. அயோடினும் கந்தக அமிலமும் இட்டுப் பார். இதன் சுவரில் செல்லுலோஸ் இருப்பதால் நீலக் கறுப்பாக மாறும், பூஞ்சை மஞ்சள் பழுப்பாகவே நிற்கும். எனக்குப் பிடித்தது புல் சோதனை. வேகவைத்த புல்லிதழை வளர்ந்த கிருமிக் கூட்டத்தின் மேல் வைத்து, அது படர்ந்ததும் உப்புக் கரைசலில் இட்டு 37 டிகிரியில் வைத்தால், சில மணி நேரத்தில் பை போல ஒன்று உப்பி வெடித்து, வித்துகள் வாலாட்டி நீந்திப் போகும். இந்த வித்துகள் நீந்தும். ஃபுசேரியம், ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சைகளின் வித்துகள் ஒருநாளும் நீந்தா. புண்ணிலேயே சாடை தெரிவதுண்டு: ஓரத்திலிருந்து விரல்கள் நீளுவது போன்ற கிளைகள், சுற்றிலும் புள்ளிப் புள்ளியாக வெண்மை.

வைத்தியத்துக்கு லினசோலிட், அசித்ரோமைசின் சொட்டுகள். பாக்டீரியாவுக்கான மருந்துகள்தான், ஆனால் இதன் புரத உற்பத்தியை முடக்கப் பயன்படுகின்றன. எல்லாருக்கும் கேட்பதில்லை, பலருக்குக் கருவிழி மாற்று அறுவை வரை போகும். ஆகவேதான் பெயரைச் சீக்கிரம் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறேன்.

கருவிழிப் புண் தரும் அகந்தமீபா என்ற அமீபாவையும் மறக்காதே. காண்டாக்ட் லென்ஸ் போடாதவருக்கு அது வராது என்பது வெளிநாட்டுப் பாடப்புத்தகத்தின் பேச்சு. நம் ஊரில் மண் விழுந்து, குட்டை நீரில் கழுவிய கண்ணிலும் வரும். ஈ. கோலை தடவிய சத்தில்லாத அகாரில் வளர்த்துப் பார்.

இன்னொன்று. மருந்துக் கடையில் "கண் சிவப்பு" என்றதும் எடுத்துக் கொடுக்கிறார்களே ஸ்டீராய்டு சொட்டு, அதை வருகிற ஒவ்வொருவரும் போட்டிருக்கிறாரா என்று கேள். "ஏதாவது மருந்து போட்டீர்களா" என்று கேட்டால் இல்லை என்பார்கள். வீட்டிலிருக்கும் பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லி, அதன் பெயரை நீயே படி.

உன் நோயாளிக்கு மறுபடி சுரண்டி எடுக்கச் சொல்லி உன் பேராசிரியரிடம் நாளையே கேள். தயங்காதே. முடிவு வந்ததும் எனக்கு எழுது.

அன்புடன்,
தாத்தா