மூட்டு ஏறிய பிறகும் கை எழவில்லையா?

கேள்வி: என் கணவருக்கு வயது 54. சாயப்பட்டறையில் வேலை. மூன்று வாரத்துக்கு முன் துணி ரோலைத் தூக்கும்போது ஈரத்தரையில் வழுக்கி விழுந்ததில் வலது தோள்மூட்டு இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஏற்றிவிட்டார்கள். ஆனாலும் கையைப் பக்கவாட்டில் தூக்க முடியவில்லை; மேல்கையின் வெளிப்புறம் மரத்துக் கிடக்கிறது. எண்ணெய் போட்டு நீவிக் கட்டினால் சரியாகும் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். போகலாமா?
- வாசகி, வீரபாண்டி, திருப்பூர்

பதில்: வேண்டாம் அம்மா. இப்போது அந்தத் தோளை யாரும் நீவவோ இழுக்கவோ கூடாது.

மூட்டு முன்பக்கமாக இறங்கும்போது அதிகம் அடிபடுவது, மேல்கை எலும்பின் கழுத்தைச் சுற்றிப்போகும் அக்சிலரி நரம்பு. தோளுக்கு உருண்டை வடிவம் தரும் டெல்டாய்டு தசையை இயக்குவதும், நீங்கள் சொல்லும் மரத்த இடத்துக்கு உணர்ச்சி தருவதும் அதுதான். பெரும்பாலும் அது அறுவதில்லை, இழுபட்டிருக்கும். சில மாதங்களில் தேறிவிடும். மூன்று வாரம் கடந்துவிட்டதால், தசையின் மின்செயல்பாட்டைப் பதிவு செய்யும் இ.எம்.ஜி. பரிசோதனையில் பாதிப்பின் அளவு தெரியும். மூன்று மாதமாகியும் தசையில் அசைவே இல்லையென்றால் நரம்பு அறுவை நிபுணரைப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு மேல் தள்ளிப்போனால் அறுவையின் பலன் குறையும். 40 வயதைத் தாண்டியவர்களுக்குத் தோளின் தசைநாண் கிழிவதும் சகஜம். அதனாலும் கை எழாது. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

எனக்கு அதிகக் கவலை ரத்தக்குழாயைப் பற்றித்தான். அக்குளில் ஓடும் தமனி கிழிவது மிக அரிது. ஆனால் 50 வயதுக்கு மேல் குழாய்ச் சுவர் விறைத்துப்போவதால் ஆபத்து கூடுகிறது. மணிக்கட்டில் நாடி துடிக்கிறதே என்று இருந்துவிடக் கூடாது. தோளைச் சுற்றியுள்ள கிளைக்குழாய்கள் வழியே ரத்தம் வந்து நாடி துடிக்கலாம். கிழிந்த இடத்தில் ரத்தம் பைபோலத் தேங்கி, வாரங்கள் கழித்து வெளிப்படுவதும் உண்டு. அதை நீவி உடைத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. அக்குளில் வீக்கம் பெருத்தாலோ, கட்டி துடித்தாலோ, கை சில்லிட்டு வெளுத்தாலோ, மரப்பு விரல்வரை பரவினாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.

கூலி போய்விடுமே என்று ஒற்றைக் கையோடு ஷிப்டுக்குப் போக விடாதீர்கள். அவருக்கு இ.எஸ்.ஐ. இருந்தால், இது வேலையில் நேர்ந்த விபத்து என்று கம்பெனி மூலம் பதிவு செய்யுங்கள். சாதாரண நோய் விடுப்புக்குக் கூலியில் 70 சதவீதம். வேலை விபத்துக்கு 90 சதவீதம் கிடைக்கும்.

இந்த வாரமே எலும்பு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அக்குளையும் மணிக்கட்டு நாடியையும் சோதிக்கும்படி நீங்களே கேளுங்கள்.